மில் கேட் வரை

ஜனவரி 14

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று மருமகள் சொல்லித் தெரியும்.

ஃபோனில் பேசினால் ஆகாதா, கடிதம் எதற்கு என்று என் மகன் கேட்கிறான். உங்கள் குரலைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிடலாம்.

விஷயம் இதுதான். செப்டம்பரில் பிள்ளைகள் இருக்கும் ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடக்கிறதாம். நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். "உங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்க வைக்க வேற வழி தெரியலம்மா" என்கிறான் மகன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் போகிற வாரம் நீங்கள் போவதில்லை, நீங்கள் போகிற வாரம் நான் போவதில்லை. அவர்களும் எத்தனை காலம்தான் மாமியார்களுக்கு ஷிஃப்ட் போடுவார்கள், பாவம்.

நான் ஓடப்போகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். கல்யாணப் பதிவு அன்று எங்கள் கார் வழியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் தாமதம். பதிவு அலுவலகமோ மூன்றாம் மாடி. படியெல்லாம் ஓடி ஏறி, வாசலில் நின்று வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள்: "பொண்ணுக்கு மாமியார் வருவாங்கன்னு பாத்தா, பேஷண்ட் வந்திருக்காங்க." பதிவாளர்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தாம் சிரிக்கவில்லை என்கிறார். நான் நம்பவில்லை.

அந்த பேஷண்ட் செப்டம்பரில் பத்து கிலோமீட்டர் ஓடுவாள். உங்களுக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை. நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவர், உட்கார்ந்தே செய்கிற வேலை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


ஜனவரி 23

சம்பந்தி அம்மாவுக்கு,

"உட்கார்ந்தே செய்கிற வேலை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை எங்கள் டெப்போவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உங்கள் ஊருக்கு இனி பஸ் வருமா என்பது சந்தேகம்.

அன்றைய கதையில் உங்கள் பக்கம் மட்டும் எழுதினால் எப்படி? நான் இரவு டியூட்டி முடித்து நேராக வந்து நின்றேன். என் மகள் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு, "வந்துருவாங்கல்லம்மா? வந்துருவாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்களோ என்று ஒரு மணி நேரம் அலுவலக வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. அந்த நேரத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். நான் அழுதிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிண்டல் செய்திருக்க வேண்டும். அழுது எனக்குப் பழக்கமில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓடினால் நானும் ஓடுவேன். ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. திங்கட்கிழமை காலை டெப்போ வாசலில் கிளம்பி, வண்டியை விரட்டுவதுபோல என்னை விரட்டினேன். இரண்டாவது ஸ்டாப் வருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும்போது பின்னால் என் ரூட் பஸ்ஸே வந்தது. எங்கள் ஆள்தான் ஓட்டிவந்தார். கதவைத் திறந்து, "ஏறிக்கிறீங்களாக்கா?" என்றார்.

ஏறிக்கொண்டேன். இதை நீங்கள் மகனிடம் சொல்லிச் சிரிக்கலாம். நாளை மறுபடி இறங்குகிறேன்.

பெண்ணின் அம்மா


மார்ச் 2

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

சிரித்தேன். மகனிடமும் சொன்னேன். அவனும் சிரித்தான்.

நான் உங்களைப்போல் பாய்ந்து கிளம்பவில்லை. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை ஓட்டம், அதற்கடுத்ததுவரை நடை. முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "யாரைத் தொரத்துறீங்க?" ஒரு பஸ் டிரைவரை என்று சொல்லியிருக்கலாம். மூச்சு இல்லை, சொல்லவில்லை. இப்போது நடையைக் கழித்துக்கொண்டே வந்து, நிற்காமல் ஓடுகிறேன். வாரத்துக்குக் கொஞ்சம்தான் தூரம் கூட்ட வேண்டும், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும் என்று மருமகள் ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறாள். நல்ல பெண். பொறுமைசாலி. யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை.

எங்கள் கண்ணாடிக் கடை வாசலில் தொடங்கி, ஆற்றை ஒட்டிய சாலையில் போய்த் திரும்புவேன். கைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினால் அதுவே தூரத்தைச் சொல்லுமாம். அதை எடுத்துப் போனால், "என் கண்ணாடி ரெடியா?" என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். எனக்கு அது வேண்டாம். கடைச் சுவரில் ஊர் வரைபடம் தொங்குகிறது. இரண்டு கண்மணிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்க நாங்கள் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருப்போம், மூக்கின்மேல் வைத்துப் பார்ப்பது. அதை வரைபடத்தில் வைத்து அளந்தேன். படகுத்துறை இரண்டரை கிலோமீட்டர், பழைய மில் கேட் நான்கு. நாங்கள் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தவருக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே என் அளவை நீங்கள் நம்பலாம்.

இப்போது படகுத்துறை போய் வருகிறேன். ஐந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா? வழியில் கண் டெஸ்ட் எடுத்துக்கொண்டே போகிறீர்களா?

டெப்போவிலிருந்து மார்க்கெட் ஸ்டாப் போய்த் திரும்பினால் சரியாக ஐந்து. என் வண்டி மீட்டர் சொல்கிற கணக்கு. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு டியூட்டிக்குப் போகிறேன். ஸ்டாப்பில் நிற்கிற பயணிகள் கை தட்டுகிறார்கள். ஒரு பாட்டுக்கார அம்மா தினமும், "நீங்க ஓடுறதுக்கு பஸ்ஸே வேணாம் போங்க" என்பார்.

அந்தத் திட்டத்தை என் மகள் எனக்கும் அனுப்பினாள். வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டு, அப்புறம் குறை என்று. நான் ஓடுகிறேனா, இருமல் மருந்து குடிக்கிறேனா? இந்த வாரம் ஐந்து, அடுத்த வாரம் எட்டு, அதற்கடுத்த வாரம் பத்து. ஏப்ரலிலேயே பந்தயத்தை முடித்துவிட்டு செப்டம்பரில் உங்களுக்குக் கை தட்ட வருகிறேன்.

பெண்ணின் அம்மா


மே 20

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மருமகள் எல்லாம் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி, படி இறங்கினால் உயிர் போகிறது, ஆறு வாரத்துக்கு ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெப்போவில் நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறுகிறீர்களாம்.

இதைப்பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதை நேரில் சொல்வதற்காக வைத்திருக்கிறேன்.

வேறொரு விஷயம். ஜனவரியில் உங்கள் எழுத்து பொடியாக இருந்தது. ஏப்ரல் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம். தாளைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டுதானே எழுதுகிறீர்கள்? உங்களுக்குத் தூரப் பார்வை கழுகுக்கு இருப்பதுபோல இருக்கும், இல்லாவிட்டால் வண்டியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். கிட்டப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும். நீங்கள் எத்தனை தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கே தெரியாமல் மருமகளை அளக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் லென்ஸ் போட்டிருக்கிறார். இத்துடன் வருகிறது. தெளிவாக இல்லையென்றால் அங்கேயே ஒரு கடையில் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மறுக்கக்கூடாது.

காலுக்கு ஐஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படாதீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தேன். என் வீட்டில் இவ்வளவு தூசி இருக்கிறதென்று இதுவரை எனக்குத் தெரியாது. உங்களால் எனக்கு ஒரு நாள் லீவு போச்சு.

என் மகள் சமையலறையில் ஸ்கேலோடு என் மூக்கருகே வந்தபோதே எனக்குச் சந்தேகம். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்கள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிற வீடு என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லாதீர்கள்.

ஓடாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்டாப்பில் கை தட்டினவர்கள் இப்போது, "கால் எப்படி இருக்கு?" என்கிறார்கள். கை தட்டலே தேவலாம். உங்கள் ஓட்டம் எப்படிப் போகிறது?

பெண்ணின் அம்மா


ஜூலை 1

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நான் வரவில்லை.

மே மாதமே மில் கேட்டைத் தொட்டுவிட்டேன். போக நான்கு, வர நான்கு, எட்டு கிலோமீட்டர். நிற்காமல்தான் ஓடுகிறேன். ஆனால் எவ்வளவு மூச்சுப் பிடித்தாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. பத்து கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரம்தான் கொடுக்கிறார்கள், அதன்பின் பாதையை மூடிவிடுவார்கள். எட்டுக்கே இந்த லட்சணம் என்றால் பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவுக் கோட்டுத் தோரணத்தைப் பிரித்து மடித்து வண்டியில் ஏற்றின பிறகு நான் வந்து சேருவேன். உங்கள் முன்னால் அப்படி வந்து நிற்க என்னால் முடியாது. மூன்றாம் மாடி ஒரு தடவை போதும்.

நேற்று ஓடி முடித்துவிட்டுக் கடைக்குள்ளே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி என்னைத் தெருவுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார். நல்ல மனிதர்தான்.

நீங்கள் கால் தேறி ஓடுங்கள். பிள்ளைகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 16

சம்பந்தி அம்மாவுக்கு,

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். முழுதும் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அலுவலகத்து ஆட்களைச் சுற்றுலா அழைத்துப் போகிற டிரிப் எனக்கு விழுந்தது. உங்கள் ஊர் வழிதான். காலையில் ஆட்களை ஹோட்டலில் இறக்கிவிட்டேன். வண்டி காலி. உங்கள் கடையைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டு ஆற்றுச் சாலையில் விட்டேன்.

அம்மா, அது சாலையா? ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. ஆறு போகிற இடமெல்லாம் சாலையும் போகிறது. வலது பக்கம் ஒரு கும்பிடு, இடது பக்கம் ஒரு கும்பிடு. மில் கேட்டில் நிறுத்திப் பார்க்கிறேன், மீட்டர் ஐந்தரைக்கு மேல் காட்டுகிறது. நீங்கள் மூக்கு ஸ்கேலை வைத்து கடைக்கும் கேட்டுக்கும் நேராகக் கோடு போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போக வேண்டுமானால் ஆற்றில் நீந்தித்தான் போக வேண்டும். உங்கள் எட்டு எட்டே இல்லை. பதினொன்றுக்கும் மேலே. மே மாதத்திலிருந்தே நீங்கள் பந்தயத் தூரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பதினொன்றை நீங்கள் ஓடுகிற நேரத்தைப் பத்துக்குப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் வருகிறது. கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் வருகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் நான் தனியாக ஜெயித்திருப்பேன் என்று வண்டியில் திரும்பும்போது தோன்றத்தான் செய்தது. தனியாக ஜெயித்து யாரிடம் காட்டுவது?

இன்னொன்று. மில் கேட்டில் நான் நின்றுகொண்டிருந்தபோது எதிரே நீங்கள் ஓடி வந்தீர்கள். மஞ்சள் ஷூ. முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே ஓடினீர்கள். யாரோடு என்று எனக்குத் தெரியும். கேட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பஸ்ஸை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டீர்கள்.

ஹாரனில் கையை வைத்தேன். அடிக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக ஓடினீர்கள்.

சம்பந்தி


ஜூலை 21

சம்பந்திக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். ஆறு வளைந்து வளைந்துதான் போகிறது. இருபது வருஷமாக அது என் தலைக்கு மேல் தொங்குகிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவளுக்கு இது கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நூலை எடுத்து வந்து சாலையின் மேலேயே வைத்து அளந்து, நூலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை சிரித்தார். நான் பார்த்தேன்.

வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.

வாசல்வரை வந்துவிட்டு ஒரு வாய் டீ குடிக்காமல் போவீர்களா? இதற்குத் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன். உங்கள் கால் எப்படி? டாக்டர் ஓடலாம் என்றுவிட்டதாகக் கேள்வி. விளக்குக் கம்பத்திலிருந்து ஆரம்பியுங்கள். கம்பத்துக்குக் கம்பம் ஓட்டம், நடை. இருமல் மருந்து மாதிரிதான். வாயை மூடிக்கொண்டு குடியுங்கள்.

சம்பந்தி


செப்டம்பர் 20

சம்பந்திக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தொடை இரண்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. நேற்று பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "அம்மா" என்றேன். பின்னால் இருந்த பயணிகள் என் அம்மாவை விசாரித்தார்கள்.

நேரில் சொல்ல வெட்கமாக இருந்ததை எழுதுகிறேன். நீங்கள் நேரத்துக்குள் முடித்துவிட்டீர்கள், மெடலும் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு ஓடியும் நடந்தும் ஏழாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது, நேரத்துக்குள் வர முடியாதென்று. பின்னால் ஆளே இல்லை. பாதையோரம் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டே ஒரு வேன் என் பின்னால் வந்தது. ஏறிக்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்தத் தடவை ஏறவில்லை.

கடைசித் திருப்பத்தில் பார்க்கிறேன், பலூன்போல் காற்றடைத்து நிறுத்தியிருந்த தோரணத்திலிருந்து காற்றை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் மெடலோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். "என் சம்பந்தி வந்துட்டு இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் இதுல கை வெக்கக் கூடாது" என்று நீங்கள் போட்ட சத்தம் எனக்கு அங்கே வரை கேட்டது. உங்கள் குரலைக் காதில் கேட்டு அவ்வளவு சந்தோஷம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. தோரணம் அதற்குள் பாதி சரிந்துவிட்டது. என் வண்டி நுழைய முடியாத உயரம். குனிந்துதான் உள்ளே வந்தேன். ஆனால் வந்தேன்.

இப்போது ஒரு கேள்வி. பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். பஸ் லேட், நான் லேட், எல்லோரும் சாப்பிடாமல் காத்திருந்தீர்கள். மேலே வந்து நின்றபோது என்னால் பேச முடியவில்லை. கதவைத் திறந்தது நீங்கள். என் மகளும் உங்கள் மகனும் பின்னால் நின்றார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். வருகிறது என்று நான் தயாராகிவிட்டேன். நேரில் சொல்ல வைத்திருந்த அந்த ஒரு வாக்கியம். நீங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "மெதுவா வாங்க. அவசரமே இல்ல" என்றீர்கள்.

எட்டு மாதமாக அதைச் சொல்லத்தானே ஓடினீர்கள்? ஏன் சொல்லவில்லை?

சம்பந்தி


செப்டம்பர் 27

சம்பந்திக்கு,

ஆமாம், அதற்குத்தான் ஓடினேன். மில் கேட்டில் என் உதடு அசைந்ததைப் பார்த்தீர்களே, அதுதான் பாடம். தினமும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். "ஓட்டக்காரங்க வருவாங்கன்னு பாத்தா, பேஷண்ட் வந்திருக்காங்க." எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் உங்களை மேலும் கீழும் பார்க்க வேண்டும், எல்லாம் தயார்.

கதவைத் திறந்தேன். நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. "லேட்டாயிடுச்சா?" என்று கேட்க வாயைத் திறந்தீர்கள். சத்தம் வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அந்த மூன்றாம் மாடியில் நான் கேட்க வந்ததும் அதையேதான்.

அன்றைக்கு எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். என்ன வார்த்தை என்று தெரியாமலே இருந்தது. உங்களைப் பார்த்ததும் தெரிந்தது, சொல்லிவிட்டேன். சொன்னவுடன் எனக்கே மூச்சு வந்தாற்போல் இருந்தது. அந்த வாக்கியம் வீணாய்ப் போனதில் வருத்தம்தான், எட்டு மாத உழைப்பு. வேறு யாருக்காவது உதவுமா பார்க்கிறேன்.

பிள்ளைகள் அடுத்த வருஷத்துக்கு இருபத்தொரு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டார்களாம். இந்தத் தடவையும் நம்மைக் கேட்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. மில் கேட்டுக்கு அப்பால் சாலை எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஸ்கேலை எடுக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அடுத்த டிரிப் இந்தப் பக்கம் விழுந்தால் மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் நான் ஆற்றுச் சாலையில்தான் ஓடிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை ஹாரன் அடியுங்கள்.

சம்பந்தி